பழைய கேசட், இசைத்தட்டு, போஸ்டர்: சரக்கா, சுமையா?

நம்மிடம் பதினெட்டு ஆண்டுகளாகச் சரக்கு எடுத்துவரும் மளிகைக்கடைக்காரர் ஒருவர் சென்ற மாதம் கிட்டங்கிக்கு வந்தார். பருப்புக் கணக்கில் நிற்கும் பாக்கிக்கு இரண்டு மாதம் தவணை வேண்டும் என்றார். காரணம் கேட்டோம். பக்கத்து ஊரில் எப்போதோ மூடிப்போன வீடியோ வாடகைக் கடையின் சரக்கு, 600 வீடியோ கேசட், மொத்தமாக ஒன்றேகால் லட்சத்துக்கு வருகிறதாம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று எடுத்த சீட்டுப் பணத்தோடு நமக்குத் தரவேண்டிய பாக்கியையும் சேர்த்தால் வாங்கிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

"அண்ணாச்சி, இதைப் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினார். டிஸ்னி கார்ட்டூன் கேசட் ஒன்றுக்கு அமெரிக்காவில் யாரோ ஒருவர் 5,000 டாலர் விலை போட்டிருந்தார்.

"தம்பி, இது சொன்ன விலை. படிந்த விலை எங்கே?" என்று கேட்டோம். அவரிடம் பதில் இல்லை.

மிளகாய் மண்டியில் மூட்டைமேல் கை வைத்து எந்த விலையையும் சொல்லலாம். சிட்டையில் ஏறுவதுதான் விலை. இது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் பழைய பொருள் என்று வந்துவிட்டால் கைதேர்ந்த வியாபாரியும் இதை மறந்துவிடுகிறார். டிஸ்னியின் 'அலாதீன்' கேசட் 1993-ல் வெளிவந்து 2 கோடிக்கும் மேல் விற்றது. அத்தனை வீடுகளில் கிடக்கும் பொருளுக்கு எங்கிருந்து தட்டுப்பாடு வரும்? பெட்டியின் முதுகில் கறுப்பு வைரக் குறி இருந்தால் பெரும் மதிப்பு என்று சில ஆண்டுகளாக ஒரு பேச்சு உலவுகிறது. விற்று முடிந்த கணக்கைப் பார்த்தால், அந்த ரகத்தில் பெரும்பாலானவை சில டாலருக்கே கைமாறியிருக்கின்றன.

பெரிய விலைக்குப் போன கேசட்டும் உண்டு. 'பேக் டு தி ஃபியூச்சர்' என்ற ஆங்கிலப் படத்தின் 1986-ம் ஆண்டு வீடியோ கேசட் ஒன்று 2022 ஜூனில் அமெரிக்க ஏலத்தில் 75,000 டாலருக்குப் போயிற்று. ஆனால் அது உறை பிரிக்காத கேசட். அந்தப் படத்தில் நடித்த நடிகர் ஒருவரே பத்திரப்படுத்தி வைத்திருந்தது. வாடகைக்கு நூறு வீடு போய்வந்த கேசட்டை அதன் பக்கத்தில் வைத்து விலை பேச முடியாது. தவிரவும், ஓட்டிப் பார்க்கக் கருவி வேண்டுமே! கடைசிவரை விசிஆர் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு தயாரிப்பை நிறுத்திவிட்டது. நம் பக்கத்து மழைக்கால ஈரத்தில் நாடாவில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்துவிடும். அதை ஓட்டினால் கருவியும் கெடும்.

இவ்வளவு பேசுவதற்கு நமக்கு ஒரு தகுதி உண்டு. அது அடிபட்டுப் பெற்ற தகுதி. 1989-ல் கடையின் முன்பக்கத்தில் இளைய சகோதரருக்காக ஆடியோ கேசட் கவுண்டர் போட்டோம். புதுப்பட கேசட் காலையில் வந்தால் மாலைக்குள் தீர்ந்துவிடும். அந்த மயக்கத்தில் கொள்முதலைக் கூட்டிக்கொண்டே போனோம். குறுந்தகடு வந்தது. அதன் பின்னால் ஒரே தகட்டில் நூற்றுக்கு மேல் பாட்டு அடங்கும் எம்பி3 வந்தது. 2003-ல் கவுண்டரை எடுத்தபோது 1,400 கேசட் தேங்கி நின்றது. என்றைக்காவது விலை வரும் என்று கிட்டங்கியில் அடுக்கி வைத்தோம். 2021-ல் சேகரிப்பாளர் ஒருவர் வந்து ஒரு பகல் முழுவதும் புரட்டிப் பார்த்து 62 கேசட் மட்டும் எடுத்துக்கொண்டார். பதினெட்டு ஆண்டு அடைத்த இடத்துக்கு வாடகை கணக்கிட்டால் அந்தப் பணம் இரண்டு மாதத்துக்குக் காணாது.

வயிற்றெரிச்சல் வேறொன்று உண்டு. அந்தக் கவுண்டருக்கு இடம் வேண்டும் என்று அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டிகளை எடைக்குப் போட்டவர்களும் நாம்தான். செத்துப்போனது என்று எல்லோரும் தலைமுழுகிய அந்த இசைத்தட்டு எழுந்து வந்துவிட்டது. அமெரிக்காவில் 2020-ல் அதன் வருமானம் குறுந்தகட்டின் வருமானத்தை மிஞ்சியது. 2022-ல் எண்ணிக்கையிலும் மிஞ்சியது: இசைத்தட்டு 4 கோடியே 10 லட்சம், குறுந்தகடு 3 கோடியே 30 லட்சம். இவை புதிதாக அழுத்திய தட்டுகள். ஆனால் புதியதன் மோகம் பழையதையும் சேர்த்து இழுக்கிறது. ஓட்டும் கருவியும் இன்று புதிதாகவே கிடைக்கிறது. இளையராஜாவின் எல்பி தட்டுகளைத் தேடி வருகிறவர்களை நாமே பார்த்திருக்கிறோம். அவர்கள் முதலில் பார்ப்பது உறையைத்தான். உறை கிழிந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அதற்காக, மூத்தது எல்லாம் விலை கூடியது என்று முடிவு கட்ட வேண்டாம். எல்பிக்கு முந்திய 78 சுற்றுத் தட்டு அரக்கு கலந்து செய்தது. கை தவறினால் ஓடு மாதிரி நொறுங்கும். அதை ஓட்டும் கருவி வைத்திருப்பவர்களும் குறைவு. அரிய பாடகரின் தட்டுக்கு ஒரு விலை, ஊரெல்லாம் விற்ற தட்டுக்கு ஒரு விலை. (ஏவி.எம். நிறுவனர் மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் குடும்பக் கடையில் இசைத்தட்டு விற்று வளர்ந்தவர் என்பதில் வணிகர்களாகிய நமக்குச் சற்றுப் பெருமை உண்டு.)

போஸ்டர் சங்கதி தனி. அதில் நம் இனத்துக்கே பங்கு உண்டு. 1960-களின் கடைசியில் அப்பாவின் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் பழைய செய்தித்தாளோடு, சிவகாசி லித்தோ அச்சகங்களில் கழித்த ஷீட்டுகளும் எடைக்கு வரும். போஸ்டரில் ஒருபக்கம்தான் அச்சு. வெள்ளைப் பக்கம் உள்ளே வருமாறு மடித்தால் சர்க்கரையில் மை ஒட்டாது. கதாநாயகனின் முகத்தில் கால் கிலோ துவரம்பருப்பைக் கட்டிக் கொடுத்த கை இது. சுவரில் ஒட்டியது மழையில் போயிற்று, மிச்சத்தை மாடு தின்றது. ஒட்டாதது பொட்டலமாயிற்று. யாரும் வைத்துக்கொள்ளாததால்தான் மிஞ்சிய ஒன்றிரண்டுக்குக் கிராக்கி. எல்லோரும் பத்திரப்படுத்திய டிஸ்னி கேசட்டுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு.

அமெரிக்காவிலும் பழைய போஸ்டர்களின் கதை ஏறக்குறைய இதுதான். இரண்டாம் உலகப் போரின்போது நடந்த பழைய காகிதச் சேகரிப்பில் ஏராளமாக அழிந்தன. 1931-ம் ஆண்டு 'டிராகுலா' போஸ்டர் ஒன்று 2017 நவம்பரில் 5,25,800 டாலருக்கு ஏலம் போனது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 1932-ல் வந்த 'தி மம்மி' படத்தின் போஸ்டர் 1997-ல் 4,53,500 டாலருக்கு விற்றது. அதே படத்துக்கான போஸ்டரை 2018-ல் 10 லட்சம் முதல் 15 லட்சம் டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டு ஏலத்தில் வைத்தார்கள். விற்கவில்லை. எவ்வளவு அரிதாக இருந்தாலும், அந்த விலைக்கு அன்றைக்கு ஆள் இருக்க வேண்டும்.

உங்கள் பரணில் போஸ்டர் கிடைத்தால் அடி ஓரத்தைப் பாருங்கள், அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும். ஓரத்தை வெட்டியிருந்தால் சந்தேகப்படலாம். நம் ஊரில் வெற்றிப் படங்களைத் திரும்பத் திரும்பத் திரையிட்டார்கள், ஒவ்வொரு முறையும் போஸ்டர் புதிதாக அடித்தார்கள். ஆகவே படத்தின் வருடமும் போஸ்டரின் வருடமும் ஒன்றாகாது. முதல் வெளியீட்டுக்குத்தான் மதிப்பு. நாலு ஷீட், ஆறு ஷீட் சேர்த்து ஒட்டும் பெரிய போஸ்டரில் ஒரு ஷீட் மட்டும் இருந்தால் அது கை இல்லாத சட்டை. இப்போது கணினியில் நகலெடுத்துத் தேநீரில் நனைத்துப் பழையதாக்கி விற்பவர்களும் உண்டு. கிடைத்ததை அழகு பார்க்க லேமினேஷன் செய்துவிடாதீர்கள், சேகரிப்பாளர் தொடமாட்டார்.

எடைக்குப் போடும் முன் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். 1931 அக்டோபர் 31-ல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடையாது. விளம்பரம் போன்ற காகிதங்களைக் கொண்டே அதை அறிகிறோம். காரைக்குடி அருகே கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா நாம் குப்பை என்று ஒதுக்கிய அச்சுத் தாள்களையும் நூல்களோடு சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதுவே இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. விற்க முடியாத பழைய பாட்டுப்புத்தகமும் நோட்டீசும் உங்களிடம் இருந்தால் இத்தகைய இடத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

நம் கடைக்காரருக்கு வருவோம். மறுநாள் அவரோடு நாமும் பக்கத்து ஊர் போனோம். கைக்கு வந்த இருபது கேசட்டைப் பிரித்துப் பார்த்ததில் பதினாலில் வெள்ளை பூத்திருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. திரும்பும் வழியில் நம்மோடு அதிகம் பேசவில்லை. சீட்டுப் பணம் கல்லூரிக்குப் போய்விட்டது. ஆனாலும் வெறுங்கையோடு வர மனமில்லாமல், அங்கே மூலையில் கிடந்த போஸ்டர் சுருள் ஒன்றை 1,500 ரூபாய்க்கு எடுத்து வந்திருந்தார். ஒன்பது ஷீட். அச்சகத்தின் பெயர் உள்ளவை நான்கு. படம் பிடித்துச் சென்னையில் ஒரு சேகரிப்பாளருக்கு அனுப்பியிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. பருப்புப் பாக்கிக்கு ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறோம்.