கடைப் பின்கட்டில் ஒரு புதினாத் தொட்டி

முஸ்லிமான ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் வந்திருக்கிறது. நமக்குத் தோட்டம் ஏது என்று வியாபாரிகள் கேட்கலாம். பின்கட்டில் 2 தொட்டிக்கு இடமிருந்தால் போதும்.

பிரியாணிக்கு வாங்கிய புதினாவில் திடமான தண்டுகள் நாலைந்தை எடுத்து, அடியிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். 2 வாரத்துக்குள் வேர் விடும். காலை வெயில் படும் இடத்தில் தனித்தொட்டியில் நடுக. மற்றச் செடியோடு வைத்தால் வேரோடிப் பரவி அதை நெருக்கிவிடும். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை வெடிக்கும். கொத்தமல்லியோ இந்நாட்டு வெக்கையில் சீக்கிரம் பூத்துவிடும். அதனோடு மல்லுக்கட்டுவது வீண் என்பேன். கங்கோங் விதைத்தால் 4 வாரத்தில் சட்டிக்கு வந்துவிடும்.

தொட்டியடித் தட்டில் மட்டும் நீர் தேங்கலாகாது. ஏடிஸ் கொசுவின் முட்டை பொரித்து ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறக்கும். அண்டை வீட்டாருக்குக் கீரைக்குப் பதில் டெங்கிக் காய்ச்சலை அனுப்பியவராவோம். தட்டை எடுத்துவிட்டுத் தொட்டியைச் செங்கல் மேல் வையுங்கள். புதினா வேர் விட நிறுத்திய தண்ணீரையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள்.