கார்டில் தேதி முடிந்தால் வேலையும் முடிந்ததா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் உணவகம் நடத்துகிறேன். பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள். சமையலறையில் இருக்கும் எல் சால்வடார்க்காரர் ஒருவரின் ஒர்க் பெர்மிட் கார்டு 2025 மார்ச் 9-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 'அரசாங்கமே நீட்டித்திருக்கிறது, இதே கார்டு செல்லும்' என்கிறார். என் கணக்காளரோ, 'பாஸ்போர்ட்டும் புதுக் கார்டும் கொண்டுவரச் சொல்லுங்கள், அதுவரை வேலைக்கு வரவேண்டாம்' என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: 2026 மார்ச் 9 வரை சமையல்காரர் சொல்வதுதான் சரி. கணக்காளர் சொன்னபடி செய்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்.

2001-இல் நடந்த நிலநடுக்கங்களை அடுத்து எல் சால்வடார் நாட்டவருக்கு அமெரிக்கா டி.பி.எஸ். எனும் தற்காலிகப் பாதுகாப்பைத் தந்தது. அதில் இருப்பவர்கள் ஏராளம். ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் அத்தனை பேருக்கும் காலத்தில் புதுக் கார்டு அனுப்ப முடிவதில்லை. அதனால் பழைய கார்டின் ஆயுளை ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழில் அறிவித்தே நீட்டிவிடுகிறார்கள். 2025 ஜனவரி 17-ஆம் தேதி அறிவிப்பு, பாதுகாப்பை 2026 செப்டம்பர் 9 வரைக்கும், உங்கள் ஊழியரிடம் உள்ளது போன்ற கார்டுகளை 2026 மார்ச் 9 வரைக்கும் நீட்டியது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வேண்டியது மார்ச் தேதி.

கார்டில் 'கேட்டகரி' என்ற இடத்தில் ஏ-12 அல்லது சி-19 என்று இருக்கிறதா, முடிவுத் தேதி அறிவிப்பில் சொன்ன தேதிகளில் ஒன்றா என்று பாருங்கள். இரண்டும் பொருந்தினால், வேலை அனுமதியைச் சரிபார்த்ததற்கான அவருடைய ஐ-9 படிவத்தின் இரண்டாம் பகுதியில், கூடுதல் தகவலுக்கான கட்டத்தில், நீட்டிப்பையும் புதுத் தேதியையும் குறித்துவையுங்கள். வேலை அவ்வளவுதான். வேலை அனுமதியை இணையத்தில் சரிபார்க்கும் ஈ-வெரிஃபையில் மறுபடி போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். ஏற்கெனவே வேலையில் இருப்பவரின் அனுமதியை மறுபரிசோதிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

பாஸ்போர்ட் கேட்பதில்தான் ஆபத்து. எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது ஊழியரின் விருப்பம். செல்லுபடியாகும் கார்டைக் காட்டியவரிடம் வேறொன்றைக் கேட்பதும், எல் சால்வடார் குடிமகன்தானா என்று சான்று கேட்பதும் கூடாது. குடியேறியவர், வேற்று நாட்டவர் என்ற காரணத்துக்காக அதிகப்படி ஆவணம் கேட்பது கூட்டாட்சிச் சட்டப்படி பாகுபாடு. நான்கு பேருக்கு வேலை தரும் கடைக்கே இது பொருந்தும். 180 நாளுக்குள் அவர் நீதித்துறையின் ஐ.ஈ.ஆர். பிரிவில் புகார் தரலாம். அபராதம் போக, வீட்டுக்கு அனுப்பிய நாட்களுக்கான சம்பளத்தையும் நீங்கள் கட்ட நேரலாம். முன்னெச்சரிக்கை என்று நினைத்துச் செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

2026 மார்ச் 9 நெருங்கும்போது மறுசரிபார்ப்பு கட்டாயம். அதற்கென உள்ள இணைப்புப் படிவம் பி-யை நிரப்புங்கள். அப்போதும் ஆவணத்தைத் தேர்வது அவர்தான். எதையும் காட்ட முடியாவிட்டால் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியாது. அனுமதி இல்லை என்று தெரிந்தே வேலை தருவதும் சட்டவிரோதம்.

நேபாளம், ஹோண்டுராஸ், வெனிசுவேலா நாட்டு ஊழியர்களும் இருந்தால் இந்தப் பதிலை அப்படியே அவர்களுக்குப் பொருத்தாதீர்கள். அந்நாடுகளின் பாதுகாப்பை முடிப்பதாக 2025-இல் அறிவிப்புகள் வந்து, அவை நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் குடியேற்றச் சேவை அமைப்பான யு.எஸ்.சி.ஐ.எஸ். இணையதளத்தில் தனிப் பக்கம் உண்டு. முடிவெடுக்கும் நாளில் அதைப் பார்த்து, அச்சிட்டு ஐ-9 கோப்பில் வையுங்கள்.