கேட்காமல் நிரப்பிய இரண்டாவது கோப்பை

வர்த்தகம் என்றதும் இலட்சங்களும் கோடிகளும்தான் நமது நினைவுக்கு வருகின்றன. வட்டி, பங்கு, கூட்டு வியாபாரம் என்று பெரிய விடயங்களைப் பேசுகின்றோம். ஆனால் ஒரு மனிதனின் கொடுக்கல் வாங்கல் எப்படிப்பட்டது என்பதை அறிய, சில வேளைகளில் ஒரு கோப்பைக் குளிர்பானமே போதுமானது. பாடசாலை விடுமுறை காலங்களில் நம்மில் பலர் குடும்பத்துடன் வெளிநாடு செல்கின்றோம். லண்டனில் இருந்தும் டொரொண்டோவில் இருந்தும் உறவினர்கள் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து சேர்கின்றார்கள். ஊர் மாறும்போது உணவுக் கடையின் வழக்கமும் மாறுகின்றது. அந்த இடத்தில்தான் பிரச்சினை ஆரம்பமாகின்றது.

அண்மையில் என் சகோதரியின் மகன் வளைகுடா நாடொன்றுக்குக் குடும்பத்துடன் சுற்றுலா சென்று திரும்பினார். அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "மாமா, அங்க சோடா மெசின் வெளியதான் இருந்திச்சு. நாங்க அஞ்சு பேர், ரெண்டு கப் மட்டும்தான் வாங்கினோம். பிறகு மாறி மாறி நிரப்பிக் குடிச்சோம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. இது சரியா, பிழையா?"

கேள்வி சிறியதுதான். ஆனால் இதற்குள் வியாபாரத்தின் அடிப்படையே அடங்கியிருக்கின்றது.

நமது ஊர் மேசையில் உள்ள பாடம்

இந்தக் கேள்விக்கான விடையை வளைகுடாவில் தேடத் தேவையில்லை. காலி வீதியில் உள்ள ஒரு சாதாரண தேனீர்க் கடைக்குள் சென்று அமருங்கள். பல கடைகளில் நீங்கள் கேட்காமலேயே ஒரு தட்டு வரும். அதில் ரோல்ஸ், கட்லட், பெட்டிஸ், வடை என்று பலதும் இருக்கும். அது இலவசம் அல்ல. நீங்கள் எத்தனை சாப்பிட்டீர்களோ அத்தனைக்குத்தான் காசு. மிகுதி திரும்பிப் போகும். எழும்பும்போது வெயிட்டர் எண்ணிப் பார்ப்பார், அல்லது "ரெண்டு ரோல்ஸ், ஒரு கட்லட்" என்று நாமே சொல்வோம். சுகாதாரம் கருதி இவ்வழக்கத்தைக் குறைத்துக்கொண்ட கடைகளும் உண்டு. எனினும் கொழும்பில் வளர்ந்த எவருக்கும் இது புதிதல்ல.

அதே மேசையில் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும் வரும். தோசைக்குச் சாம்பாரும் சட்னியும் வரும். முடிந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். அதற்கு பெரும்பாலான கடைகளில் தனிக் காசு இல்லை. கூசாவில் இருக்கும் தண்ணீருக்கும் காசு இல்லை. ஆனால் மூடி திறந்த தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு உண்டு. நெக்டோவோ ஜிஞ்சர் பியரோ குடித்தால் போத்தல் கணக்குத்தான்.

ஆக, ஒரே மேசையில் மூன்று விதமான ஒப்பந்தங்கள் இருக்கின்றன. எண்ணிக் காசு கொடுப்பது ஒன்று, விலைக்குள் அடங்கியது ஒன்று, போத்தலாக விற்கப்படுவது ஒன்று. எங்கும் பலகையில் எழுதி வைத்திருப்பதில்லை. வழக்கம்தான் அங்கே எழுதாத சட்டம். பாரிஸில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாது. தட்டு இலவசம் என்று நினைத்து சாப்பிட்டு எழும்பினால், அது திருட்டு அல்ல, அறியாமை. அவ்வாறே நாம் வெளிநாடு செல்லும்போது அங்குள்ள வழக்கத்தை அறியாதவர்களாக இருக்கின்றோம். வித்தியாசம் என்னவென்றால், கேட்டு அறிந்துகொள்ளும் வாய்ப்பு நமக்கு இருக்கின்றது.

தண்ணீர் விற்பவரும் சோடா மெசினும்

எவ்வளவு குடிப்போம் என்று தெரியாமலே ஒரு விலைக்கு விற்பது கூடுமா என்று சிலர் கேட்கின்றனர். இது புதிய கேள்வி அல்ல. ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விளக்கவுரையில் இதனைத் தொட்டுச் செல்கின்றார்கள். பொதுக் குளியலறைக்குக் கட்டணம் கொடுத்து நுழைபவர்கள் வெவ்வேறு அளவில் தண்ணீரைப் பயன்படுத்துகின்றனர். தண்ணீர் சுமந்து விற்பவரிடம் காசு கொடுத்துக் குடிப்பவர்களும் வெவ்வேறு அளவில் குடிக்கின்றனர். அளவு தெரியாதிருந்தும் இவை கூடும் என்பதில் அறிஞர்கள் ஒத்த கருத்துடையவர்கள் என்று அவர்கள் குறிப்பிடுகின்றார்கள். இன்றைய ரீபில் மெசின் அந்தத் தண்ணீர்க்காரரின் வாரிசுதான்.

எனவே ரீபில் உள்ள கடையில் ஒருவர் மூன்று முறை நிரப்பிக் குடிப்பதில் தவறில்லை. கடைக்காரர் அதற்கு உடன்பட்டே விலை வைத்திருக்கின்றார். ஆனால் தண்ணீர்க்காரர் விற்றது ஒருவருடைய தாகத்துக்கு. ஒருவர் காசு கொடுத்துவிட்டு வீட்டில் உள்ள ஐவரையும் அழைத்து வந்தால் அது வேறு வியாபாரம்.

அதே இமாமவர்களின் 'மின்ஹாஜ்' என்ற நூல் நமது மத்ரஸாக்களில் ஓதப்படுவது. விருந்தாளி தனக்கு வைக்கப்பட்ட உணவை உண்ணலாம், வேறு விதத்தில் அதனைக் கையாள முடியாது, வீட்டுக்காரர் பொருந்திக்கொள்வார் என்று அறிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதில் உள்ள கருத்து. இலவசமாகத் தரும் விருந்திலேயே இந்த வரையறை என்றால், காசுக்கு விற்கும் கடையில் எப்படி இருக்க வேண்டும்? ஹோட்டல் பஃபேயில் வயிறு நிறையச் சாப்பிடலாம். பையில் போட்டு அறைக்குக் கொண்டு செல்ல முடியாது என்பதும் இதனால்தான்.

உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டக் கோவையின் 43ஆவது பிரிவு, வழக்கத்தில் அறியப்பட்டது ஒப்பந்தத்தில் நிபந்தனையாக இட்டதற்குச் சமம் என்ற கருத்தைத் தருகின்றது. ஆகவே வழக்கம் என்ன என்பதைத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் கடமை. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வியாபாரக் கணக்கைச் சொல்கின்றேன்.

ஒரு சிறிய கணக்கு

சோடா மெசினில் பொதுவாக ஒரு பங்கு சிரப்புடன் ஐந்து பங்கு வாயு கலந்த நீர் சேர்கின்றது. எனவே பானத்தின் அடக்கவிலை குறைவு. உதாரணத்துக்காக மட்டும் இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு கோப்பைக் குளிர்பானம் 400 ரூபா. ஒருமுறை நிரப்ப 40 ரூபா செலவு. வெற்றுக் கோப்பை 30 ரூபா.

ஐந்து பேர் ஐந்து கோப்பை வாங்கி இரு முறை குடித்தால் வரவு 2000. பத்து முறை நிரப்ப 400, கோப்பைக்கு 150, செலவு 550. கடைக்கு எஞ்சுவது 1450. அதே ஐந்து பேர் இரண்டு கோப்பை வாங்கிப் பத்து முறை நிரப்பினால் வரவு 800. செலவு 460. எஞ்சுவது 340. கதிரைகள் ஐந்து, நேரம் ஒன்று, மின்சாரம் ஒன்று, மேசை துடைப்பவரின் உழைப்பும் ஒன்று. வாடகையும் சம்பளமும் இந்த எஞ்சிய தொகையிலிருந்துதான் போக வேண்டும். "சும்மா தண்ணிதானே" என்பவர் சிரப்பை மட்டும் பார்க்கின்றார். கடைக்காரர் விற்பது சிரப்பை மட்டுமல்ல.

நாம் சொல்லும் நியாயங்கள்

"ஒருத்தரும் தடுக்கவில்லை." தடுக்காதது எல்லாம் சம்மதம் ஆகாது. சனம் நிறைந்த கடையில் ஊழியருக்குப் பார்க்க நேரம் இருக்காது. பார்த்தாலும் பிள்ளைகளோடு வந்தவரிடம் சொல்லக் கூச்சப்படுவார்.

"எல்லோரும் செய்கின்றார்கள்." வழக்கம் என்பது கடைக்காரரும் அறிந்து ஏற்றுக்கொண்டது. வாடிக்கையாளர்கள் அவர் காணாமல் செய்வது எத்தனை பேர் செய்தாலும் வழக்கமாகாது.

"அது பெரிய கம்பனி." பெயர் பெரிதாக இருந்தாலும், பல இடங்களில் கடையை நடத்துபவர் அந்தப் பெயரை ஒப்பந்தத்தில் பெற்ற உள்ளூர்க்காரர். நமது ஊரில் நான் அறிந்த சில சிறு கடைகளில், தட்டுக் கணக்குக் குறைந்தால் அது வெயிட்டரின் சம்பளத்தில்தான் விழுகின்றது.

சில நாடுகளில் விடயம் கடைக்காரரின் கையிலும் இல்லை. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல் இனிப்புக் குளிர்பானங்களை அளவின்றி இலவசமாக நிரப்பிக் கொடுப்பது சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. இங்கிலாந்திலும் 2025 ஒக்டோபர் முதல் நடுத்தர, பெரிய நிறுவனங்கள் சீனி கூடிய பானங்களுக்கு இலவச ரீபில் கொடுக்க முடியாது. முன்பு சென்றபோது இருந்தது இப்போதும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

என் மருமகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஒரு கப்புக்கு ஓராள் என்று அங்கு எழுதியிருந்ததா?" யோசித்துவிட்டு, மெசினுக்கு மேலே அப்படித்தான் எழுதியிருந்தது என்றார். அப்படியானால் மூன்று கோப்பைக் கடன் இருக்கின்றது. அதே நகரில் தொழில் செய்யும் அவரது நண்பர் ஒருவர் சென்று அந்தக் காசைச் செலுத்தினார். காசாளருக்கு முதலில் விளங்கவில்லையாம். விளங்கிய பின்னர் முகாமையாளரை அழைத்து, பற்றுச்சீட்டும் கொடுத்திருக்கின்றார். தொகை சிறிது. ஆனால் அந்த மூன்று பிள்ளைகளும் இப்போது அறிந்த கணக்கு சிறிதல்ல.

கடை வைத்திருப்பவர்களுக்கு

பொறுப்பு வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல. எது விலைக்குள் அடங்கும், எது தனிக் கணக்கு என்பதை மூன்று மொழிகளிலும் எழுதி வையுங்கள். வெளியூர்க்காரர் வந்தால், தட்டை வைக்கும்போதே "சாப்பிட்டதற்கு மட்டும் காசு" என்று சொல்லச் சொல்லுங்கள். கேட்காத தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வைத்துவிட்டுப் பில்லில் சேர்க்காதீர்கள். அதுவும் மற்றவரின் அறியாமையில் உண்பதுதான். குறைந்த கணக்கை விசாரிக்காமல் வெயிட்டரின் தலையில் போடாதீர்கள்.

விடுமுறைக்குச் செல்லும் வாசகர்களே, கோப்பையை நிரப்ப முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். விற்கப்பட்டது என்ன? அது எத்தனை பேருக்கு? எந்த இடம் வரை, எந்த நேரம் வரை? விடை தெரியாவிட்டால் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "தாராளமாக நிரப்புங்கள்" என்று அவர் சொன்னால், அந்த இரண்டாவது கோப்பையை நிம்மதியாகக் குடிக்கலாம்.