இன்டர்வியூவுக்கும் ஓப்பனிங் உண்டு

ராஜபாளையத்தில் நூற்பாலை வேலையோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் விற்பனைப் பிரிவு வேலையோ, இன்டர்வியூவில் முதலில் வருவது பெரும்பாலும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான். அந்தப் பதில் சொல்லும் இரண்டு நிமிடத்துக்கென்றே தனியாகத் தயாராகுங்கள். சதுரங்கத்தில் ஓப்பனிங்குக்கு, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களுக்கு, விஸ்வநாதன் ஆனந்த் அப்படித்தான் தயாரானார்.

2008 அக்டோபர், ஜெர்மனியின் பான் நகரம். உலக சாம்பியன்ஷிப்பில் எதிரே விளாதிமிர் கிராம்னிக். ராஜாவுக்கு முன்னிருக்கும் சிப்பாயை நகர்த்தித் தொடங்குபவர் என்று பெயரெடுத்த ஆனந்த், அங்கே வெள்ளைக் காய்களோடு ஆடியபோது கடைசி ஆட்டம் தவிர மற்றவற்றில் ராணிச் சிப்பாயைத் தள்ளினார். மூன்றாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்கள். சிக்கலான மெரான் ஓப்பனிங். பதின்மூன்று நகர்த்தல்வரை எல்லோருக்கும் தெரிந்த பாதை. பதினான்காவதாக பிஷப்பை பி7 கட்டத்தில் வைத்தார். ஆனந்த் வீட்டிலேயே அலசி முடித்திருந்த நிலையை கிராம்னிக் பலகையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று. ஆனந்துக்கு வெற்றி. பட்டமும் 6½–4½ என்று அவருக்கே.

உங்கள் பதிலிலும் அந்தப் பதினான்காவது நகர்த்தல் வேண்டும். பெயர், படிப்பு எல்லாம் ரெஸ்யூமேயில் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நீங்கள் ஆழமாக அறிந்த ஒன்றுக்குப் பேச்சைத் திருப்புங்கள். மில்லில் தரக்கட்டுப்பாட்டு வேலையா? "நூல் நம்பர் போட்டுப் பார்க்கத் தெரியும்" என்று சொன்னால் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும். 840 கஜச் சிட்டம் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருந்தால் அது நாற்பதாம் நம்பர் நூல் என்று விளக்குங்கள். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் நூல் ஏன் அதிகம் அறுகிறது என்பதற்கும் பதில் கையில் இருக்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விற்பனை வேலை என்றால், அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த கதையை எல்லோரும் சொல்வார்கள். வெளியூர்க் கடைக்குப் போகும் சரக்கு கெடாமல் சேர என்ன செய்யலாம் என்று நீங்கள் பேசுங்கள்.

துணைக் கேள்விகளுக்குத் தாங்காத விஷயத்தை மட்டும் தொடாதீர்கள். ஆனந்துக்கு நீல்சன், காசிம்ஜானோவ், வோய்டாசெக், சூர்யசேகர் கங்குலி என்று துணைக்குழுவே இருந்தது. உங்களுக்கு மில்லில் வேலை பார்க்கும் சித்தப்பா போதும். குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லி முந்தின வாரமே உட்காருங்கள்.

இரண்டாம் சுற்றுக்கு அழைத்தால் அதே பதிலை ஒப்பிக்க வேண்டாம். ஐந்தாவது ஆட்டத்தில் ஆனந்த் அதே மெரானுக்கு, அதே பிஷப் நகர்த்தலுக்குத் திரும்பினார். அடுத்த நகர்த்தலில் யானையை ஜி8-க்குக் கொண்டுபோய் மறுபடி வென்றார். நீங்களும் விஷயத்தை மாற்றாமல், முதல் சுற்றில் சொல்லாத ஓர் உதாரணத்தை எடுத்துப் போங்கள்.