மலை இறக்கத்தில் வீணாகும் மின்சாரம்
(பிளக்-இன் ஹைப்ரிட் ஊர்திகள் பற்றி ஓர் அறிமுகம்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றவே இயலும். இவ்விதியைப் பள்ளியிலேயே நாம் மனப்பாடம் செய்துவிட்டோம். ஆனால் அது என் வீட்டு வாசலிலேயே நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே உணர்ந்தேன்.

எங்கள் ஊர் பொட்டிப்புரம். விடியுமுன்னே ஜீப் வந்து நிற்கும். தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு என் தாயாரும் தெருப் பெண்களும் ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை முடித்து, மாலையில் திரும்புவார்கள். திரும்பி வந்த ஜீப்பின் சக்கரத்தருகே கை வைத்தால் சுடும். பிரேக் தீய்ந்த வாடை வீசும். "மலை இறங்கின வண்டி அப்படித்தாம்ப்பா இருக்கும்" என்பார் ஓட்டுநர். டீசல் விலை ஏறினால் ஜீப் வாடகை ஏறும்; வாடகை ஏறினால் அம்மாவின் கூலியில் மிஞ்சுவது குறையும். அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒருவன் கல்லூரிப் படி ஏறியிருக்கிறான். ஆகவே அந்தச் சூட்டின் கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்பினேன்.

சூட்டின் கணக்கு

ஆட்களோடு ஜீப்பின் நிறை 2,000 கிலோ எனக் கொள்வோம். போடிக்கும் போடிமெட்டுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 96 லட்சம் ஜூல் நிலையாற்றல் கிடைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். எனவே மலை உச்சியில் நிற்கும் ஜீப்பில் 5.4 யூனிட் ஆற்றல் இருக்கிறது. இறங்கும்போது அது முழுவதும் சக்கர உராய்விலும், காற்றுத் தடையிலும், பிரேக்கிலும், இரண்டாம் கியரில் முனகும் எஞ்சினிலும் வெப்பமாகிப் போய்விடுகிறது.

இதே மலைத்தொடரில் வேறொரு பொருளும் இறங்குகிறது. அது பெரியாற்று நீர். லோயர் கேம்பில் அந்நீரைக் குழாய் வழியே இறக்கி, சுழலியைச் சுற்றவைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். இறங்கும் நீரில் மின்சாரம் எடுக்கும் நாம், இறங்கும் ஊர்தியிலும் எடுக்கலாகாதா?

எடுக்கலாம். மின்மோட்டாரைச் சக்கரம் சுற்றினால் அதுவே ஜெனரேட்டராகிவிடும். அப்போது எழும் எதிர்விசை ஊர்தியின் வேகத்தையும் தணிக்கும். இதற்கு மீளாக்கப் பிரேக் என்று பெயர். இழப்புகள் போக ஐந்தில் இரண்டு பங்கு மீண்டாலும் 2 யூனிட்டுக்கு மேல் தேறும். நான் படிக்கும் 10 வாட் விளக்கு அதில் 200 மணி நேரத்திற்கு மேல் எரியும்!

இரு இதயங்கள்

எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஊர்தியே ஹைப்ரிட். தொடர் அமைப்பில் எஞ்சின் ஜெனரேட்டரை மட்டும் சுற்றும். சக்கரத்தை மோட்டாரே இயக்கும். இணை அமைப்பில் இரண்டும் சக்கரத்தை இயக்க வல்லவை. இவ்விரண்டையும் கலந்த அமைப்பும் உண்டு. 1997-இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் அவ்வகையினது.

சாதாரண ஹைப்ரிட்டில் பேட்டரி சிறியது. அதற்கு வெளியிலிருந்து மின்னேற்ற வழியில்லை. எல்லா ஆற்றலும் முடிவில் பெட்ரோலிலிருந்தே வரவேண்டும். பிளக்-இன் ஹைப்ரிட்டில் பேட்டரி பெரியது. வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கிலேயே மின்னேற்றலாம். 10 யூனிட் கொள்ளும் பேட்டரி 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று நான்கு மணி நேரத்தில் நிறையும். அன்றாடக் குறும்பயணம் மின்சாரத்தில் முடியும். பேட்டரி தீர்ந்தால் எஞ்சின் கைகொடுக்கும். 2008 இறுதியில் சீனத்தின் பிஒய்டி நிறுவனமும், 2010 இறுதியில் அமெரிக்கச் செவர்லே வோல்ட்டும் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தன. வோல்ட் 16 யூனிட் பேட்டரியில் ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடியது.

நம் மாநிலத்து அசோக் லேலண்டு நிறுவனமும் 2010-இல் டெல்லி வாகனக் கண்காட்சியில், இயற்கை எரிவாயுவும் மின்சாரமும் கொண்ட ஹைபஸ் என்ற பிளக்-இன் பேருந்தைக் காட்டியது. 2016-இல் அதே நிறுவனம் முழு மின்பேருந்தை வெளியிட்டது. 2025 ஜூன் முதல் சென்னை மாநகரில் மின்பேருந்துகள் ஓடுகின்றன.

எங்கள் மலைக்குப் பொருந்துமா?

இரவில் பேட்டரியை நிறைத்துக் கிளம்பினால் ஏற்றத்தில் அது காலியாகும். தீர்ந்தால் எஞ்சின் இழுக்கும். இறங்கும்போது காலியான பேட்டரி மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். மாறாக, மலை மேல் குடியிருப்பவர் அங்கே நிறைத்துக்கொண்டு கிளம்பினால் இறக்கத்தில் வரும் மின்சாரத்திற்கு இடமிராது. நிறைந்த குடத்தில் நீர் பிடிக்க முடியுமா? அடிவாரத்து மக்களாகிய நமக்கே இது வாய்ப்பு!

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்ப ஆற்றல் உண்டு. எஞ்சின் அதில் 3 யூனிட் அளவே சக்கரத்திற்குத் தருகிறது. எனவே இறக்கத்தில் மீளும் 2 யூனிட், அரை லிட்டருக்கு மேற்பட்ட டீசல் செய்யும் வேலைக்குச் சமம். கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் நாட்டிற்கு இது சிறு சேமிப்பன்று.

ஆனால் குறைகளையும் மறைத்தலாகாது. இரண்டு இயந்திரங்களைச் சுமப்பதால் எடையும் விலையும் மிகுதி; இந்தியாவில் இவை இதுவரை பெரும்பாலும் செல்வந்தர் கார்களாகவே விற்கின்றன. நம் மின்சாரத்திலும் நிலக்கரியின் பங்கு பெரிது. மேலும், 2024-இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட அறிக்கைப்படி, இவை சாலையில் வெளியிடும் கரியமில வாயு, சோதனைக்கூடக் கணக்கைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு. எதிர்பார்த்த அளவு மின்னேற்றாமல் எரிபொருளிலேயே ஓட்டுவது இதற்கு முக்கியக் காரணம். பிளக் இருந்தால் போதாது. செருகும் கையும் வேண்டும்.

மாணவ நண்பர்களே! போடிமெட்டு ஏறும் தோட்டத் தொழிலாளிக்கென இத்தகைய ஜீப்பை எவரேனும் குறைந்த விலையில் செய்து தரவேண்டும். அதைச் செய்பவர் நம் கல்லூரி வகுப்பறையில் ஏன் அமர்ந்திருக்கக் கூடாது? அதுவரை, மாலையில் ஜீப் வந்து நிற்கும்போதெல்லாம் அந்தச் சூட்டில் அம்மாவின் கூலியில் ஒரு பங்கு கரைவதாகவே எனக்குத் தோன்றும்.