மின்வில்லில் உருவாகும் கார்பன் கோளங்கள்

வைரம், கிராபைட் ஆகிய இரண்டும் கார்பனின் வடிவங்கள் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. 1985-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகிய விஞ்ஞானிகள் மற்றொரு வடிவத்தைக் கண்டறிந்தனர். அறுபது கார்பன் அணுக்கள் கால்பந்தைப் போன்ற கூடாக இணைந்த மூலக்கூறு அது. குவிமாடங்களை வடிவமைத்த பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் நினைவாக, இத்தகைய கூடுகள் ஃபுல்லரீன்கள் எனப்படுகின்றன. 1996-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

முதலில் இப்பொருள் மிகச் சொற்ப அளவிலேயே கிடைத்தது. 1990-இல் கிராட்ஷ்மர், ஹஃப்மன் ஆகியோர் ஹீலியம் வாயுவில் கிராபைட்டை மின்சாரத்தால் சூடாக்கி, கண்ணால் காணத்தக்க அளவில் இதனைத் தயாரித்தனர். இம்முறையினின்றும் வளர்ந்ததே மின்வில் கலம்.

காற்று நீக்கப்பட்ட கலத்தில் ஹீலியம் குறைந்த அழுத்தத்தில் நிரப்பப்படுகிறது. இரு கிராபைட் தண்டுகளுக்கிடையே மின்வில் எரியும்போது, பல்லாயிரம் டிகிரி உஷ்ணமுள்ள பிளாஸ்மா தோன்றுகிறது. இவ்வுஷ்ணத்தில் கிராபைட் ஆவியாகித் தனி அணுக்களாகவும், இரண்டு மூன்று அணுக்கள் சேர்ந்த துணுக்குகளாகவும் சிதறுகிறது. அங்கே எக்கூடும் நிலைத்திராது. ஆவி வெளிப்புறம் பரவிக் குளிரும்போதுதான் சங்கிலிகளும், வளையங்களும், பின்னர் வலைபோன்ற தகடுகளும் உருவாகின்றன.

அறுகோணங்களால் மட்டும் ஆன தகடு தட்டையாயிருக்கும். அதன் ஓரத்து அணுக்களின் பிணைப்புகள் நிறைவுறாமல் நிற்கும். ஐங்கோணம் ஒன்று இடையே புகுந்தால் தகடு வளைகிறது. சரியாகப் பன்னிரண்டு ஐங்கோணங்கள் அமைந்தால், அறுகோணங்களுடன் சேர்ந்து கூடு முற்றிலும் மூடிக்கொள்ளும், ஓரமே இல்லாதொழியும். அறுபது அணுக்கூட்டில் எந்த இரு ஐங்கோணங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அதன் உறுதிக்கு இதுவே முக்கிய காரணம்.

பிழையான இடத்தில் அமைந்த பிணைப்புகள் அறுந்து, மீண்டும் ஒழுங்காக இணைவதற்கு அவகாசம் வேண்டும். ஆகையால் குளிரும் வேகம் முக்கியமானது. கிராபைட்டை லேசர் ஒளியால் ஆவியாக்கும் சோதனைகளில், சுற்றிலும் ஏறத்தாழ 1,200 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் நிலவினால் ஃபுல்லரீன் நன்கு விளைகிறது. அறை உஷ்ணத்தில் விளைவு மிகவும் குறைவு.

ஹீலியத்தின் பணி இதில் இருவகைப்பட்டது. கார்பனுடன் அது சேர்வதில்லை. ஹைட்ரஜனோ, ஓரத்துப் பிணைப்புகளைப் பற்றிக்கொண்டு கூடு மூடுவதைத் தடுத்துவிடும். மேலும், மோதல்களால் ஆவியின் வேகத்தை ஹீலியம் தணிக்கிறது. அழுத்தம் மிகக் குறைந்தால் அணுக்கள் ஒன்றுகூடுமுன் சுவரை அடைந்துவிடும். மிக அதிகமானால் ஆவி நெருங்கித் திரண்டு சாதாரணக் கரியாகிவிடும்.

சுவரில் படியும் கரியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஃபுல்லரீன். டொலுயீனில் இட்டால் அது மட்டும் கரைந்து செந்நிறக் கரைசலாகிறது. எஞ்சிய கரி அடியில் தங்கிவிடும். எனவே, விளைவைப் பெருக்க விரும்புவோர் வில்லின் உஷ்ணத்தை மட்டும் உயர்த்துவதில் பயனில்லை. ஆவி குளிர்ந்துசெல்லும் பாதையையும் ஒழுங்குபடுத்துதல் வேண்டும்.