படைக்கலமும் உரிமச் சீட்டும்

கைத்துப்பாக்கியை உடையுள் மறைத்துத் தாங்குவோன், அதற்கென லைசென்ஸ் என வழங்கும் உரிமச் சீட்டைப் பெறுதல் வேண்டுமோ, வேண்டாவோ என்னும் வினா அமெரிக்க ஐக்கிய நாட்டில் இந்நாளிற் பெரிதும் வாதிக்கப்படுகின்றது. தென்காசி, குற்றாலப் பக்கத்து வாழும் நமக்கு அது புறம்பானதெனச் சிலர் கருதலாம். அங்ஙனமன்று. படைக்கலச் சட்டம் முறையுடைத்தாவது எதனால் என்பதை இந்நிலத்து வரலாறே நன்கு விளக்கும்.

திருநெல்வேலிச் சீமைப் பாளையக்காரர் கும்பினியாரொடு பொருது தோற்றபின், 1799-இலும் 1801-இலும் வெளிவந்த விளம்பரங்களால் கோட்டைகளை இழந்து, படைக்கலங்களையும் ஒப்புவிக்குமாறு பணிக்கப்பட்டனர். பின்னர், லிட்டன் பிரபுவின் ஆட்சியில், 1878-இல் படைக்கலச் சட்டம் தோன்றிற்று. இந்தியர் சீட்டின்றிப் படைக்கலம் தாங்கலாகாதென விலக்கிய அரசினர், ஐரோப்பியர்க்கு அத்தடையினின்று விடுதலை யளித்தனர். தகுதியை ஆராயாது பிறப்பையே நோக்கியமையின் அது முறையன்றாயிற்று. அச்சட்டம் வழங்கிய காலத்தேதான், 1911-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் நாள், செங்கோட்டை வாஞ்சிநாதன் மறைவிற் பெற்ற கைத்துப்பாக்கியால் மணியாச்சி நிலையத்திற் கலெக்டர் ஆஷைச் சுட்டனர். சட்டம் எத்துணைக் கடிதாயினும் மறைவழி முற்றும் அடைபடாது என்பது இதனாற் பெறப்படும்.

விடுதலைக்குப்பின் நம் பாராளுமன்றம் 1959-இல் இயற்றிய சட்டம், 1962 முதல் அதன் இடத்தைக் கொண்டது. சீட்டு இன்றும் வேண்டும். ஆயின் அஃது யாவர்க்கும் ஒத்தது. ஒருவன் விண்ணப்பித்த அளவிலே, அண்மையிலுள்ள போலீஸ் நிலையத்து அதிகாரியிடம் அவனைப்பற்றிய அறிக்கை கேட்கப்படும். மனநலங் குன்றியோர்க்கும், 21 ஆண்டு நிரம்பாதோர்க்கும் சீட்டு இல்லை. எனவே நம் கல்லூரி மாணாக்கரிற் பெரும்பாலோர்க்கும் அது கிடையாது. 2016-ஆம் ஆண்டு விதிகள் பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் வேண்டுகின்றன. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றினின்று இரண்டாகக் குறைத்தது. சீட்டை மறுக்குமிடத்து அதிகாரி காரணத்தை எழுதிவைத்தல் வேண்டும். மறுக்கப்பட்டோன் மேல்முறையீடு செய்யலாம்.

மேற்கு மலையடிவாரத்து வயல்களிற் காட்டுப்பன்றி புகுந்து பயிரை அழித்தல் நாம் அறிந்ததே. பயிர்க்காவலின் பொருட்டு, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குச் சீட்டு அளிக்க இச்சட்டம் இடந்தருகின்றது. எனினும் அத்தேவை மெய்யானதென அதிகாரி தெளிதல் வேண்டும். அச்சீட்டு வேட்டைக்கு உரிமை தருவதன்று. காட்டுயிர்களைக் காப்பது 1972-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வேறொரு சட்டமாகும்.

இனி, அமெரிக்க நிலையை நோக்குவாம். துப்பாக்கிக் கடையில் வாங்குவோனது முன்வரலாற்றை ஆராயவேண்டும் என்பது, 1993-இல் இயன்ற பிராடிச் சட்டத்தின் விதி. மறைத்துத் தாங்குதற்குரிய சீட்டோ மாநிலங்கள் தனியே அளிப்பது. வெர்மான்ட் மாநிலம் அச்சீட்டை விதித்ததேயில்லை. அலாஸ்கா 2003-இலும், அரிசோனா 2010-இலும், டெக்சாஸ் 2021-இலும், புளோரிடா 2023-இலும் அதன் கட்டாயத்தை நீக்கின. 2024-இன் இறுதியில் இத்தகைய மாநிலங்கள் 29 ஆயின.

இதனாற் கடையில் நிகழும் ஆராய்ச்சி ஒழிந்துவிட்டதெனக் கொள்ளற்க, அஃது உளது. ஆயின் வணிகரல்லாத ஒருவர் மற்றொருவர்க்கு விற்குமிடத்து, அந்நாட்டுப் பொதுச்சட்டம் ஆராய்ச்சியை வேண்டுவதில்லை. மாநிலச் சட்டமும் வேண்டாவிடத்து, அங்ஙனம் வாங்கியோன் சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே அவன் தகுதி ஆராயப்படும். சீட்டு நீங்கின் அவ்வாயிலும் அடைபடும். சில மாநிலங்களிற் சீட்டுடையோர்க்குக் கடை ஆராய்ச்சி விலக்கப்படுதலும் உண்டு. அவர் சீட்டு எடாதொழியின் கடையில் ஆராயப்படுவர். சீட்டின் பொருட்டு நிகழும் ஆராய்ச்சிகளும் மொத்தக் கணக்கிற் சேர்தலின், அக்கணக்குக் கூடுதல் குறைதல்களைக்கொண்டே விற்பனையை அளத்தல் பிழையாம்.

ஆகவே, சீட்டு வேண்டும் என்பதனாலேயே ஒரு சட்டம் நன்றாகாது. 1878-ஆம் ஆண்டுச் சட்டமும் சீட்டு வேண்டியதே. கேட்போன் தகுதியுடையனோ என்னும் ஆராய்ச்சி யாவர்க்கும் ஒருபடித்தாய் நிகழுமாயின், அச்சீட்டு நாட்டுக்குக் காவலாகும். சீட்டை ஒழிப்போர் அவ்வாராய்ச்சி வேறெவ்விடத்து நிகழுமென முதற்கண் காட்டுதல் கடனென யாம் துணிகின்றோம். நம் மாணாக்கருட் சிலர் நாளை அதிகாரிகளாய் இத்தகைய விண்ணப்பங்களைக் கையேற்கக்கூடும். போலீஸ் அறிக்கையைப் படியாது கையொப்பமிடும் அதிகாரி, சட்டம் இருப்பவும் அதனை இல்லாததாக்குவான் என்பதை அவர் மறவாதிருப்பாராக.